யாரும் சீண்டாத பழைய டியூப் ஆம்ப்: வாங்கலாமா, வேணாமா?

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. யாரும் தேடலைன்னும் தெரியும் :-) இருந்தாலும் இன்னிக்கு ஒரு விஷயத்தைக் கொட்டித் தீர்த்தே ஆகணும்.

மேட்டர் இதுதான். இங்கே நியூ ஜெர்சியில வார இறுதியில எங்ககூட கிடார் வாசிக்க வர்ற நண்பர் ஒருத்தர், ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ்ல மியூசிக் மேன் ஹெச்டி-130 ஆம்ப் ஒண்ணு பார்த்திருக்கார். 1970-கள்ல வந்த சரக்கு. விலை 500 டாலர். வாங்கலாமான்னு நாலு பேர்கிட்ட கேட்டிருக்கார். நாலு பேரும் ஒரே பதில்: "அதுக்குள்ள ஐ.சி. இருக்குங்க, அது அசல் டியூப் ஆம்ப் இல்லை, காசைக் கரியாக்காதீங்க." அந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட அதுல ஒரு தடவை வாசிச்சுப் பார்த்ததில்லை. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. போன்ல பேசித் தீராதுன்னு இங்கே எழுதறேன்.

கிடார் பக்கம் வராதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடலாம். எலெக்ட்ரிக் கிடார்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்பப் பொடிசு. ப்ரீஆம்ப்னு ஒரு பகுதி அதைக் கொஞ்சம் பெருசாக்கி, பாஸ், ட்ரெபிள்னு செதுக்கிக் கொடுக்கும். பவர் ஆம்ப்னு இன்னொரு பகுதி அதை ஸ்பீக்கரே அதிர்ற அளவுக்குத் தள்ளும். பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்னு ஒரு இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கும். இந்த வேலைகளை வால்வு செஞ்சா அது டியூப் ஆம்ப். அந்தக்கால மர்ஃபி ரேடியோவைப் போட்டுட்டு, உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் வர்ற வரைக்கும் அரை நிமிஷம் காத்துக்கிட்டு இருப்பாங்களே, அதே வால்வுதான். ரேடியோக்காரங்க எல்லாம் டிரான்சிஸ்டருக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு. கிடார்காரங்க மட்டும் விடலை. வால்வை அளவுக்கு மீறி ஓட்டினா அது பிசிறடிக்கிற விதம் காதுக்கு இதமா இருக்கும். ராக் இசையில பாதி அந்தப் பிசிறுதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஒரு பழைய ஆம்போட விலை, அதுக்கு எத்தனை பேர் அடிச்சுக்கறாங்கன்னுதான் சொல்லும். சத்தம் எப்படி இருக்கும்னு அதுல ஒரு தகவலும் கிடையாது. இதுக்குக் கைவசம் நல்ல உதாரணம் ஃபெண்டர்.

லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1965 ஜனவரியில சிபிஎஸ்ங்கிற ரேடியோ-டிவி நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வித்தார். 1967 கடைசி, 1968 வாக்குல ஆம்போட முகப்புத் தகடு கறுப்புல இருந்து வெள்ளி நிறத்துக்கு மாறுச்சு. கறுப்பு முகம்னா பொற்காலம், வெள்ளி முகம்னா சிபிஎஸ் வந்து கெடுத்ததுன்னு ஒரு கதை கிளம்புச்சு. கதை முழுப் பொய்யும் இல்லை. ட்வின் ரிவெர்ப், பாஸ்மேன் மாதிரி பெரிய ஆம்ப்கள்ல சர்க்யூட்டை நிஜமாவே நோண்டினாங்க. ஆனா டீலக்ஸ் ரிவெர்ப், பிரின்ஸ்டன் ரிவெர்ப் ரெண்டுலயும் பெருசா எதுவும் மாறலை. கிட்டத்தட்ட அதே சர்க்யூட், அதே மாதிரி கையால வயர் இழுத்துப் பத்தவெச்ச போர்டு. முகத்துல மட்டும் பெயிண்ட் வேற. அந்தப் பெயிண்ட்டுக்காக வருஷக்கணக்கா ரொம்பக் கம்மி விலைக்குப் போச்சு. அப்புறம் மக்கள் முழிச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு வெள்ளி முக டீலக்ஸும் என் பட்ஜெட்டுக்கு எட்டாத உயரத்துல இருக்கு. அவ்வ்வ்வ்.

இதைவிடத் தமாஷ் சில்வர்டோன் கதை. அமெரிக்காவுல சியர்ஸ்னு பெரிய கடை, கேட்டலாக் பார்த்து ஆர்டர் பண்ணா வீட்டுக்கே அனுப்புவாங்க. அவங்க பேர்ல டேன்எலெக்ட்ரோ கம்பெனி செஞ்சு கொடுத்த மலிவு விலை ஆம்ப்தான் சில்வர்டோன். பையன் கிடார் கத்துக்கட்டும்னு அப்பா அம்மா வாங்கித் தர்ற ரகம். அப்புறம் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ஜாக் ஒயிட் சில்வர்டோன் 1485-ஐ மேடையில வெச்சு வாசிச்சார். அவ்ளோதான், ஏலம் ஆரம்பம். உள்ளே ஒரு ரெசிஸ்டர்கூட மாறலை. மாறினது பார்க்கிறவங்க கண்ணு.

அதனால ஒரு ஆம்பை யாரும் சீண்டலைன்னா நான் முதல்ல கேக்கறது, "ஏன் சீண்டலை?" பதில் ரெண்டு வகை. ஒண்ணு, காதுக்கும் பர்ஸுக்கும் சம்பந்தமே இல்லாத காரணம்: பேர், நிறம், எவனோ சொன்னது. இன்னொண்ணு, வாங்கினப்புறம் நிஜமாவே கழுத்தை அறுக்கிற காரணம். முதல் வகைன்னா பர்ஸை எடுக்கலாம். ரெண்டாவது வகைன்னா திரும்பிப் பார்க்காம ஓடலாம்.

முதல் வகைக்கு என் கைப்பட்ட உதாரணம் மார்ஷல் ஜேசிஎம்900. 1990-ல வந்தது. இது மேல இருக்கிற புகார், "டிஸ்டார்ஷன் டையோட்ல இருந்து வருது, வால்வுல இருந்து இல்லை." டூயல் ரிவெர்ப் மாடலைப் பொறுத்தவரை உண்மைதான், உள்ளே ஆப்-ஆம்ப் ஐ.சி.யும் டையோடும் இருக்கு. ஆனா இந்தப் புகார் சொல்ற அண்ணாச்சிங்க காலடியில பச்சைக் கலர்ல ஒரு டப்பா இருக்கும் பாருங்க, ட்யூப் ஸ்க்ரீமர்னு பேரு. அதுக்குள்ள என்ன? ஆப்-ஆம்ப் ஐ.சி.யும் டையோடும்! ஸ்டீவி ரே வான் அதை ஃபெண்டர் ஆம்புக்கு முன்னாடி போட்டு வாசிச்சா தெய்வீகம், மார்ஷல் அதே வித்தையைப் பொட்டிக்குள்ளயே வெச்சா துரோகமா? இதுல நுண்ணரசியல் ஏதாச்சும் இருந்தா விவரம் தெரிஞ்சவங்க விளக்குங்கப்பா.

(அவங்க ஆகா ஓகோன்னு கொண்டாடுற ஜேசிஎம்800 வரிசையிலயே ரெண்டு சேனல் மாடல்கள்ல டையோட் இருக்கு. இதைச் சொன்னதுக்கு ஒருத்தர் என்னை வாட்ஸப் குரூப்ல இருந்தே தூக்கிட்டார். ஹிஹி.)

நான் ஜேசிஎம்900-க்கு வக்காலத்து வாங்குறேன்னு நினைக்க வேணாம். அந்த லீட் சேனல் கெயினை முழுக்கத் திருப்பினா தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி ஒரு இரைச்சல் வரும், அது எனக்குப் பிடிக்கலை. கெயினைப் பாதிக்குக் கீழ வெச்சு வால்யூமை ஏத்தினா அருமை. ஆக, "டையோட் இருக்கு"ங்கிறது தீர்ப்பு இல்லை. "எனக்கு வேண்டிய சத்தம் இதுல வருதா"ங்கிறதுதான் கேள்வி. அதுக்கு வாசிச்சுப் பார்க்கணும். டேட்டா ஷீட் படிச்சுட்டு சாம்பார்ல உப்பு போதுமான்னு சொல்ல முடியாது.

இப்ப நண்பரோட மியூசிக் மேன். கம்பெனியை வித்த லியோ ஃபெண்டர் பத்து வருஷம் போட்டித் தொழில் செய்யமாட்டேன்னு ஒப்பந்தம் போட்டிருந்தார். அது முடிஞ்சதும் 1975-ல மியூசிக் மேன் கம்பெனிக்குத் தலைவரா வந்தார். ஆம்ப் வேலையைப் பார்த்தவர் டாம் வாக்கர், இவரும் பழைய ஃபெண்டர் ஆளுதான். இவங்க ப்ரீஆம்ப்பை ஐ.சி.யில செஞ்சு, பவர் ஆம்ப்பை மட்டும் வால்வுல வெச்சாங்க. ஹெச்டி-130-ல நாலு பவர் வால்வு, 130 வாட். காசு மிச்சம் பிடிக்கச் செஞ்ச வேலை மாதிரி இன்னிக்குத் தோணலாம். ஆனா அந்தக் காலத்துல ஐ.சி.தான் புதுசு, நவீனம். எரிக் கிளாப்டன் 1970-கள்ல மேடை மேடையா வெச்சு வாசிச்ச ஆம்ப் இதுதாங்க. அவர் காதுக்கு ஐ.சி. உறுத்தலை, நம்ம நாலு பேருக்கு உறுத்துது.

1984-ல எர்னி பால் கம்பெனி மியூசிக் மேனை வாங்கினப்போ ஆம்ப் தயாரிப்பு நின்னு போச்சு. புதுசா விளம்பரம் பண்ண ஆளில்லை, பெருமை பேச ஆளில்லை, விலையும் ஏறலை. சத்தம் எப்படின்னா ஃபெண்டர் ட்வின் குடும்பம்: சுத்தமா, கணீர்னு, குண்டூசி விழுந்தாலும் கேக்கற தெளிவு. பிசிறு வேணும்னா முன்னாடி ஒரு பெடல் போட்டுக்கணும். அந்தச் சத்தம் பிடிச்சவங்களுக்கு 500 டாலர் கொள்ளை லாபம்னு சொல்வேன். பிடிக்காதவங்களுக்கு 50 டாலரே தண்டம்.

பீவி கதையும் இதேதான். மிசிசிப்பி மாநிலம் மெரிடியன் ஊர்ல ஹார்ட்லி பீவி 1965-ல ஆரம்பிச்ச கம்பெனி. டியூஸ், மேஸ், கிளாசிக்னு 1970-கள்ல வந்த ஆம்ப்கள்ல ப்ரீஆம்ப் டிரான்சிஸ்டர், பவர் ஆம்ப் 6எல்6 வால்வு. மேஸ்ல ஆறு 6எல்6! லினர்ட் ஸ்கினர்ட் குழு அதைத்தான் மேடையில வரிசையா அடுக்கி வெச்சிருந்தாங்க. ஆனா பீவின்னாலே சர்ச்சு, ஸ்கூல் பேண்டு, பார்ல வாசிக்கிற மாமாக்கள் வெச்சிருக்கிற சாமான்னு ஒரு இளக்காரம். நம்ம ஊர்ல கல்யாண வீட்டு சவுண்ட் சர்வீஸ்காரர் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கிற அதே பார்வை. அது மழையில நனைஞ்சு, லாரியில குதிச்சு, வருஷக்கணக்கா வேலை செஞ்சதை யாரும் கணக்குல எடுக்கிறதில்லை. பொட்டி தட்டுறவனா எனக்கு இதுல கூடுதல் பாசம். எங்க ஆபீஸ்லயும் பல வருஷமா ஒரு சத்தமும் இல்லாம ஓடுற பழைய கோட் ஒண்ணு இருக்கு. அதை எழுதித் தூக்கிப்போடணும்னு புதுசா சேர்றவங்க எல்லாரும் முதல் வாரமே சொல்வாங்க.

நிற்க. ஒரு பக்கமாவே பேசிட்டுப் போனா நான் விக்கிற ஆள்னு நினைச்சுடுவீங்க. ஓட வேண்டிய காரணங்களும் சொல்லிடறேன்.

முதல்ல வால்வு. 12ஏஎக்ஸ்7, 6எல்6, ஈஎல்34 எல்லாம் இன்னும் புதுசா கிடைக்குது. ஸ்லோவாக்கியாவுல ஜேஜே, ரஷ்யாவுல சரடோவ் ஆலை, அப்புறம் சீனா, பெரும்பாலும் இவ்வளவுதான் உலகமே. 2022 மார்ச்சுல ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டப்போ ஒரே வாரத்துல கடைகள்ல விலை எகிறி, பல ரகம் கையிருப்பே இல்லாம போச்சு. சாதாரண வால்வுக்கே இந்தக் கதின்னா, வினோத வால்வுக்கு? 1960-கள்ல கிப்சன் ஆம்ப்கள்ல 6ஈயூ7-னு ஒண்ணு போட்டாங்க. குணத்துல 12ஏஎக்ஸ்7 மாதிரியேதான், ஆனா கால்கள் வரிசை வேற, அதனால மாத்திச் சொருக முடியாது. பழைய ஸ்டாக்கைத் தேடித்தான் வாங்கணும். அதனால ஆம்ப் மாடல் பேரைக் கேட்டதும் நான் பார்க்கிற முதல் விஷயம் வால்வு பட்டியல். அதுல எனக்குத் தெரியாத நம்பர் ரெண்டு இருந்தா, ஆம்ப் எவ்வளவு அழகா இருந்தாலும் ஒரு கும்பிடு.

ரெண்டாவது, ரிப்பேர். 1970-கள் ஃபெண்டரைத் திறந்தா ஒவ்வொரு ரெசிஸ்டரும் கண்ணுக்குத் தெரியும், வயரைத் தொட்டுத் தொடர்ந்துட்டே போகலாம். 1980-கள் கடைசிக்கு அப்புறம் வந்த பல ஆம்ப்கள்ல வால்வு சாக்கெட், வால்யூம் குமிழ், ஜாக் எல்லாமே ஒரே பிரிண்டட் போர்டுல. பத்து டாலர் பார்ட் மாத்த எல்லாத்தையும் கழட்டணும். அந்தக் கூலிக்குப் பயந்தே டெக்னீஷியன்கள் "வேணாம் சார்"னு திருப்பி அனுப்பறாங்க. அந்த ரகம் சும்மா கிடைச்சாலும் யோசிப்பேன்.

மூணாவது, எடை, சத்தம். ட்வின் ரிவெர்ப் கிட்டத்தட்ட 30 கிலோ. ரெண்டாவது மாடியில லிஃப்ட் இல்லாத அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க ஒரு அரிசி மூட்டையைத் தோள்ல வெச்சு ஒத்திகை பார்த்துக்கலாம். சத்தத்துல ஒரு தவறான கணக்கு உலாவுது: 130 வாட்னா 65 வாட்டைவிட ரெண்டு மடங்கு சத்தம்னு. இல்லை. வாட் ரெண்டு மடங்கானா கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கா தோணணும்னா வாட் கிட்டத்தட்ட பத்து மடங்காகணும். இதுக்கு மறுபக்கமும் உண்டு: 22 வாட் டீலக்ஸே பக்கத்து வீட்டுச் சுவத்தைத் தட்ட வைக்கும். பெரிய ஆம்புக்கு விலை இறங்கிப் போனதுக்கு முக்கியக் காரணமே இதுதான்னு நினைக்கிறேன். எல்லாரும் வீட்டுல வாசிக்கிறோம், கெம்பர், ஹீலிக்ஸ்னு டிஜிட்டல் பொட்டி வந்துடுச்சு, ஹெட்ஃபோன் மாட்டினா போதும். ராத்திரி பதினொரு மணிக்கு மட்டுமே வாசிக்க முடியுங்கிறவங்க அதையே வாங்குங்க. இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. நடுவுல லோட் பாக்ஸ் போட்டு டியூப் ஆம்பை அமைதியா ஓட்டலாம்தான். ஆனா நல்ல லோட் பாக்ஸ் விலைக்கு இன்னொரு பீவியே வந்துடும்.

நேர்ல பார்க்கப் போறப்போ நான் செய்றது இவ்வளவுதான். முதல்ல ஸ்பீக்கர் மாட்டியிருக்கான்னு பார்ப்பேன். டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாம ஓட்டினா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், விக்கிறவர் பலபேருக்கு இது தெரியறதில்லை. அப்புறம் பின்பக்கம் மோந்து பார்ப்பேன் (சிரிக்காதீங்க, கருகின டிரான்ஸ்ஃபார்மருக்குன்னு ஒரு வாசனை உண்டு). ஆன் பண்ணி ஒண்ணும் வாசிக்காம கேப்பேன். லேசான உறுமல் இருந்தா ஃபில்டர் கெப்பாசிட்டர் வயசாயிடுச்சுன்னு அர்த்தம், அது எதிர்பார்த்ததுதான். அப்புறம் இருபது நிமிஷம் விடாம வாசிப்பேன். சூடானப்புறம் படுக்கிற ஆம்ப் நிறைய.

நம்பர் பிரியர்களுக்கு ஒரு குஷி சமாச்சாரம்: டிரான்ஸ்ஃபார்மர் மேலயும் வால்யூம் குமிழோட பின்பக்கமும் அச்சடிச்ச கோட் இருக்கும். 606-னு ஆரம்பிச்சா ஷூமாக்கர் கம்பெனி செஞ்சது, ஃபெண்டருக்கு டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்தவங்க. 137-னா சிடிஎஸ். குமிழ்ல 1377214-னு இருந்தா சிடிஎஸ், 1972, 14-வது வாரம். 1972 குமிழும் அதே காலத்து டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே பொட்டியில இருந்தா யாரும் இதயத்தை மாத்தலைன்னு அர்த்தம். விக்கிறவர் "எல்லாம் ஒரிஜினல் தம்பி"ன்னு சொல்றதைவிட இந்த ஏழு இலக்கத்தை நான் நம்புவேன்.

ஆனா ஒண்ணு மட்டும் சீரியஸா. பொட்டியைத் திறந்து நோண்டாதீங்க. இந்த ஆம்ப்கள்ல 400 வோல்ட்டுக்கு மேல ஓடும், மியூசிக் மேன் ஹெச்டி-130-ல 700 வோல்ட் பக்கம். பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கெப்பாசிட்டர்ல அது தேங்கி நிக்கும். 1960-கள் அமெரிக்க ஆம்ப்கள்ல ரெண்டு முள் பிளக்கும், மெயின்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டரும் வெச்சிருந்தாங்க. அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆச்சுன்னா கிடார் கம்பியிலயே கரெண்ட் வரும். மைக்ல உதடு பட்டா கதை முடிஞ்சது. அதுக்கு டெத் கேப்னே பேர் வெச்சிருக்காங்க. வாங்கின கையோட டெக்னீஷியன்கிட்ட கொடுத்து மூணு முள் வயர் போட்டு, அதைப் பிடுங்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வாசிக்க வேணாம், ஒரு பாட்டுகூட.

கடைசியா கணக்கு. நம்ம ஆளுங்க ஆம்ப் விலையை மட்டும் பார்த்துட்டு சந்தோஷப்படறாங்க. நான் விசாரிச்ச வரைக்கும் இங்கே கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தி சர்வீஸ் பண்ண கூலியோட 250, 300 டாலர். நாலு பவர் வால்வு செட் நூறைத் தாண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தா கூலி இல்லாமலே இன்னொரு 150, 200. அதனால விளம்பர விலையோட 400 டாலர் கூட்டிக்குங்க. 500 டாலர் மியூசிக் மேன் நிஜத்துல 900 டாலர் மியூசிக் மேன். அந்த 900-க்குப் புதுசா கிடைக்கிற டியூப் ஆம்பைப் பக்கத்துல வெச்சு வாசிச்சுப் பாருங்க. அப்பவும் பழசு பிடிச்சிருந்தா எடுங்க. நண்பர்கிட்ட நான் சொன்னதும் இதேதான். எனக்கு என்னவோ அதே 900-க்கு அந்த எடை இரும்பும் டிரான்ஸ்ஃபார்மரும் புதுசுல கிடைக்கவே கிடைக்காதுன்னு படுது. ஆனா வாசிக்கப்போறது அவர் காது.

என்கிட்ட யாராச்சும் "உனக்கு எது?"ன்னு கேட்டா, வெள்ளி முக பாஸ்மேன் 50 ஹெட். ரெண்டு 6எல்6, ரிவெர்ப் கிடையாது, ட்ரெமோலோ கிடையாது, பேரே "பாஸ்"னு இருக்கிறதால கிடார்காரன் கண்டுக்கமாட்டான், 50 வாட்தானேன்னு பாஸ்காரனும் கண்டுக்கமாட்டான். ரெண்டு பேரும் கைவிட்டதால விலை இன்னும் மனுஷன் தொடற உயரத்துல இருக்கு. ஒரு வருஷமா என் வீட்டு ஹால்ல ஷூ ரேக்குக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. ரூம்மேட் அதை மைக்ரோவேவ்னு நினைச்சு விருந்தாளிகிட்ட சொல்லிட்டு இருக்கான்.

பி.கு: பென்சில்வேனியா, நியூ ஜெர்சி பக்கம் யார் வீட்டு கராஜ்லயாச்சும் பீவி டியூஸ் சும்மா தூங்கிட்டு இருந்தா பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. டியூப்ல எது மாத்தணும்னாலும் பரவாயில்லை, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உயிரோட இருந்தா போதும். தூக்குறதுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்துடறேன்.